உப்பும் கொத்தமல்லியும் போட்ட பியர்

பியர் என்றதும் கசப்பு என்ற சொல்லே நம்மில் பலருக்கு முதலில் நினைவுக்கு வரும். அதில் உப்புப் போடுவார்கள், கொத்தமல்லி போடுவார்கள், போதாக்குறைக்குப் புளிக்கவும் வைப்பார்கள் என்று யாராவது சொன்னால் நம்புவது சிரமம். ஆனால் ஜேர்மனியின் கிழக்குப் பகுதியில் உள்ள லைப்சிக் நகரத்தார் இரண்டரை நூற்றாண்டுகளுக்கும் மேலாக அப்படியொரு பியரைத் தமதென்று கொண்டாடி வருகிறார்கள். அதன் பெயர் கோஸெ. அது ஒருமுறை முற்றாகச் செத்துப் பிழைத்த பியர் என்பதுதான் அதனைப் பற்றி எழுத என்னைத் தூண்டிற்று.

நான் அதைச் சுவைத்தது லைப்சிக்கின் பவேரியப் புகையிரத நிலையத்தில். 1842இல் திறக்கப்பட்ட அந்நிலையத்தின் பழைய கட்டடத்தில் 2000ஆம் ஆண்டு தொடக்கம் ஒரு பியர் வடிசாலையும் உணவகமும் இயங்குகின்றன. உயரமான, ஒடுங்கிய கண்ணாடிக் குவளையில், கலங்கிய மஞ்சள் நிறத்தில், மேலே வெள்ளை நுரையுடன் கொண்டுவந்து வைத்தார்கள். முதல் மிடறில் எலுமிச்சையை ஒத்த புளிப்பு. அது அடங்குவதற்குள் நாவின் ஓரங்களில் மெல்லிய உப்பு. விழுங்கிய பின்னரே கொத்தமல்லி வாசனை எழுந்தது. தடிமன் காய்ச்சலுக்குக் கொத்தமல்லி அவித்துக் குடித்து வளர்ந்த இலங்கையன் எவனுக்கும் அந்த வாசனையை அறிமுகம் செய்யத் தேவையில்லை. ஹொப்ஸின் கசப்போ தேடிப் பார்க்க வேண்டிய அளவுக்குத்தான் இருந்தது. புளிப்பைத் தாங்காதவர்கள் ராஸ்பெரிப் பாகு கலந்து குடிப்பதும் அங்கே வழக்கம்.

இந்தச் சுவையின் சூத்திரம் எளிது. மூலப்பொருளில் ஏறக்குறைய பாதி முளைகட்டிய கோதுமை, மீதி பார்லி. எங்கள் பாடநூல்கள் மதுவம் என்று கூறும் ஈஸ்ட் ஒருபுறம் மதுசாரத்தை உண்டாக்க, இலற்றிக் அமில பற்றீரியா மறுபுறம் புளிப்பை உண்டாக்கும். பாலைத் தயிராக்குவதும் இதே இனத்துப் பற்றீரியாதான். விடியற்காலையில் இறக்கிய கள் பொழுதேற ஏறப் புளிப்பதிலும் இதற்குப் பங்குண்டு. எனவே புளித்த பானம் நமக்குப் புதிதல்ல. அதில் உப்புச் சேர்ப்பதே புதிது.

கோஸெயின் தாயகம் லைப்சிக் அல்ல. ஹார்ட்ஸ் மலையடிவாரத்தில், வெள்ளியும் ஈயமும் செம்பும் தோண்டிச் செழித்த கொஸ்லார் என்ற பழைய சுரங்க நகரமே அதன் பிறப்பிடம். அந்நகரின் ஊடாக ஓடும் கோஸெ என்ற சிற்றாற்றின் பெயரே பியருக்கும் வாய்த்தது. 18ஆம் நூற்றாண்டில் அது லைப்சிக் வந்து சேர்ந்தது. தாய்நகரில் அதன் செல்வாக்கு மங்கிப்போக, புகுந்த இடத்தில் அது செழித்தது. 1824 முதல் ஹாலே நகருக்கு அருகே டோல்னிட்ஸ் என்ற ஊரில் ஒரு பண்ணைக்குச் சொந்தமான வடிசாலை இதனை வடித்து லைப்சிக்குக்கு அனுப்பியது. 1900ஆம் ஆண்டளவில் லைப்சிக்கில் கோஸெக்கென்றே 80க்கும் மேற்பட்ட மதுச்சாலைகள் இருந்தனவாம். நீண்ட கழுத்துடைய போத்தல்களில் அதை நிரப்பி மூடாமல் விட்டுவிடுவார்கள். உள்ளே நொதித்து மேலெழும் ஈஸ்ட் கழுத்தில் திரண்டு தானே அடைப்பாகிவிடும்.

ஜேர்மனியின் புகழ்பெற்ற பியர்த் தூய்மைக் கட்டளை இதனை எவ்வாறு அனுமதித்தது என்று வாசகர்கள் கேட்கக்கூடும். 1516இல் பவேரியக் கோமகன்கள் பிறப்பித்த அந்தக் கட்டளை பார்லி, ஹொப்ஸ், நீர் ஆகிய மூன்றை மாத்திரமே ஏற்றது. உப்புக்கும் கொத்தமல்லிக்கும் அதில் இடமில்லை. எனினும் பவேரியாவின் சட்டம் அன்று பவேரியாவுக்கு மட்டுமே உரியது. 1906இல் அந்த விதிமுறை ஜேர்மன் பேரரசு முழுவதற்கும் விரிந்தபோதும் கோஸெ பிரதேசச் சிறப்புடைய பானம் என்ற வகையில் தப்பித்துக்கொண்டது. சட்டத்தினால் அது சாகவில்லை. அது செத்த விதம் வேறு.

20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலேயே அதன் சந்தை சுருங்கத் தொடங்கியிருந்தது. இரண்டாம் உலகப் போர் முடிந்த 1945இல், சோவியத் படைகளின் ஆளுகைக்குட்பட்ட பகுதியில் பெருநிலப் பண்ணைகள் பறிமுதல் செய்யப்பட்டன. டோல்னிட்ஸ் பண்ணையும் அதன் வடிசாலையும் அவ்வாறே போயின. லைப்சிக்குக்குக் கோஸெ வருவது நின்றது. 1949இல், டோல்னிட்ஸில் முன்னர் பணியாற்றி அதன் பக்குவத்தை அறிந்திருந்த பிரீட்ரிஷ் வூர்ட்ஸ்லர் என்பவர் லைப்சிக்கில் சிறியதொரு வடிசாலையைத் தொடங்கினார். தன் இறப்புக்கு முன் அந்தப் பக்குவத்தை வளர்ப்பு மகன் கீடோ ஃப்னிஸ்ட்டரிடம் ஒப்படைத்தார். 1966இல் ஃப்னிஸ்ட்டர் காலமானார். வடிசாலை மூடப்பட்டது. யாரும் தடை விதிக்கவில்லை. யாரும் எதிர்க்கவும் இல்லை. ஒரு சுவை முழுவதும் ஒரே மனிதனின் கையில் தங்கியிருந்தது. அந்தக் கை ஓய்ந்ததும் அதுவும் ஓய்ந்தது.

அடுத்த இருபது ஆண்டுகள் கோஸெ எங்கும் வடிக்கப்படவில்லை. 1980களில் லோதார் கோல்ட்ஹான் என்பவர் லைப்சிக்கின் பழைய கோஸெ மதுச்சாலையொன்றைச் சீர்திருத்தி மீண்டும் திறக்க முனைந்தார். "ஓனே பெடெங்கென்" என்பது அதன் பெயர். தயக்கமின்றி என்று பொருள். இதை நம்பிக் குடிக்கலாமா என்று கேட்ட வாடிக்கையாளருக்குப் பரிமாறுபவர் சொன்ன மறுமொழியே பெயராக நிலைத்ததென்று கதை சொல்வார்கள். கோஸெ மதுச்சாலைக்குக் கோஸெ வேண்டுமல்லவா? கோல்ட்ஹான் அதனைக் குடித்திருந்த முதியவர்களைத் தேடிச் சென்று, அதன் நிறம் எப்படி, புளிப்பு எவ்வளவு, உப்பு எவ்வளவு என்று விசாரித்தார். உள்ளூர் வடிசாலைகள் இந்த விசித்திரப் பானத்தை வடிக்க முன்வரவில்லை. இறுதியில் கிழக்கு பேர்லினில், "வைஸ" எனப்படும் மற்றொரு புளிப்புப் பியரை வடித்துப் பழகிய வடிசாலையே இணங்கியது. 1985இல் பரீட்சார்த்தமாக வடித்தார்கள். 1986இல் கோஸெ மீண்டும் விற்பனைக்கு வந்தது.

பத்திரிகைத் தொழிலில் பல ஆண்டுகளைக் கழித்த எனக்கு இந்த இடம்தான் மனதில் தைக்கிறது. கோல்ட்ஹான் செய்தது ஒரு செய்தியாளனின் வேலை. ஆட்களைத் தேடிப் போனார், கேட்டார், ஒருவர் சொன்னதை மற்றவர் சொன்னதோடு ஒப்புநோக்கினார். ஆனால் சுவையைச் சாட்சியம் சொல்வது எளிதல்ல. புளிப்பு என்று ஒருவர் சொன்னால் அது எலுமிச்சையின் புளிப்பா, தயிரின் புளிப்பா? அளவாக உப்பு என்றால் யாருடைய அளவு? நம் வீடுகளில் சமையல் கற்பித்த பெண்கள் "கண்ணளவு", "கைப்பிடியளவு" என்றுதான் சொன்னார்கள். அந்தக் கை இல்லாதபோது அந்த அளவும் இல்லை. ஆகவே இன்று குவளையில் வருவது 1930களின் டோல்னிட்ஸ் கோஸெதானா என்ற கேள்வி நியாயமானது. சொல்லக்கூடியது இவ்வளவே: அதனைக் குடித்தறிந்தவர்கள் உயிரோடிருந்த காலத்திலேயே, அவர்களைக் கேட்டு, அது மீட்கப்பட்டது.

இன்று லைப்சிக்கில் கோஸெ தாராளமாகக் கிடைக்கிறது. கடந்த இரண்டு தசாப்தங்களில் அமெரிக்காவின் சிறு வடிசாலைகளும் இதைக் கைக்கொண்டு, பழங்களைச் சேர்த்து விதவிதமாக வடிக்கின்றன. உலகெங்கும் பெருகிவிட்ட இந்தப் பானத்தின் உயிர் ஒரு காலத்தில் சில முதியவர்களின் நினைவில் மட்டுமே இருந்தது. கணக்குப் பார்த்தால் விளங்கும். 1945இல் முப்பது வயதில் டோல்னிட்ஸ் கோஸெயைக் குடித்த ஒருவருக்கு 1985இல் எழுபது வயது. கோல்ட்ஹான் இன்னுமொரு இருபது ஆண்டுகள் தாமதித்திருந்தால், அவர் கதவைத் தட்டியபோது திறப்பதற்கு அநேகமாக எவரும் இருந்திருக்க மாட்டார்கள்.