ரயிலும் உயிலும்

கொஞ்சம் நீளமான பதிவு. வகுப்பில் நாற்பத்தைந்து நிமிடம் என்னைப் பொறுத்துக்கொண்டவர்கள் இதையும் பொறுத்துக்கொள்வீர்கள்.

ஒன்பதாம் வகுப்பில் என்னிடம் வரலாறு படித்தவர்களுக்கு அந்தப் பச்சை எஞ்சின் நினைவிருக்கும். தொழிற்புரட்சிப் பாடம் வந்தால் மஞ்சப்பையில் சுற்றி எடுத்து வருவேன். மேசைமேல் ஒரு வட்டம் தண்டவாளம் போட்டு ஓட்டிக் காட்டுவேன். 'ஃப்ளையிங் ஸ்காட்ஸ்மன்'. அசல் எஞ்சின் 1923-ல் டான்காஸ்டரில் கட்டியது; 1934-ல் மணிக்கு நூறு மைல் ஓடிப் பெயர் வாங்கியது. என்னுடையது 1979-ல் கப்பல் வேலையில் இருந்த பெரிய மச்சான் லிவர்பூலில் வாங்கி வந்த ஹார்ன்பி பொம்மை. அதற்குப் பிறகு ஒன்றிரண்டாகச் சேர்ந்து இன்று பதினான்கு எஞ்சின், அறுபது சொச்சம் பெட்டிகள், மாடி அறையில் எட்டுக்கு நாலு பலகையில் ஒரு குட்டி ஊர்.

போன மாதம் ஆஞ்சியோ முடிந்து வீடு வந்த மறுநாள் மகள் கேட்டாள்: "அப்பா, தப்பா நினைக்காதீங்க. அந்த ரயிலையெல்லாம் என்ன பண்றதா இருக்கீங்க?"

தப்பாக நினைக்கவில்லை. ஆனால் பதில் இல்லை. பதில் தெரியாத வரலாற்று வாத்தியார் என்ன செய்வார்? இதே இடத்தில் முன்பு நின்றவர்கள் என்ன செய்தார்கள் என்று பார்ப்பார்.

பொம்மை ரயில் பெரியவர்களின் பைத்தியமாக மாறிய கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1891-ல் ஜெர்மனியின் மார்க்லின் நிறுவனம் தண்டவாள அகலங்களுக்கு எண் கொடுத்தது. வாங்கியதோடு அடுத்த வருடம் வாங்கியது பொருந்தும் என்றானது. சேகரிப்பு என்பதே அங்கேதான் தொடங்குகிறது. லிவர்பூலின் ஃபிராங்க் ஹார்ன்பி 1920-ல் சாவி கொடுத்தால் ஓடும் ரயில்களைக் கொண்டுவந்தார். அவர் 1936-ல் மறைந்தார். இரண்டு வருடம் கழித்து அவருடைய நிறுவனம் மேசையில் அடங்கும் சிறிய 'டப்ளோ' ரயில்களை வெளியிட்டது. மீதியை விட்டுவிடுகிறேன், பரீட்சைக்கு வராது.

இந்தப் பொழுதுபோக்கில் எல்லோரும் மரியாதையாகச் சொல்லும் பெயர் ஜான் ஆலன். அமெரிக்காவில் கலிஃபோர்னியாவின் மான்டெரே ஊர்க்காரர், தொழில்முறைப் புகைப்படக்காரர். வீட்டின் நிலவறை முழுக்க ஒரு மலைநாட்டையே கட்டினார். தரையிலிருந்து கூரை வரை மலை, பள்ளத்தாக்கு, பாலங்கள். தன் ரயில்வேக்கு அவர் வைத்த பெயரை எழுத்தில் பார்த்தால் இரண்டு ஊர்ப் பெயர் போல இருக்கும். வாய்விட்டுப் படித்தால் 'கோரி அண்ட் டிஃபீட்டட்', அதாவது ரத்தக்களரியும் தோல்வியும்! மற்றவர்கள் பொம்மையைப் பளபளவென்று துடைத்து வைத்த காலத்தில் துருவும் புகைக்கரியும் பூசி நிஜம் போலக் காட்டியவர். 13-ஆம் எண் எஞ்சினுக்குப் பதிலாக எம்மா என்ற டைனோசர் பெட்டிகளை இழுக்கும். எனக்கு அந்த மனிதரைப் பிடித்துப்போனதே அதனால்தான்.

1973 ஜனவரி 6-ஆம் தேதி மாரடைப்பில் போனார். வயது 59. பத்து நாளில் அந்த வீட்டில் தற்செயலாகத் தீப்பிடித்தது. இருபது வருட உழைப்பில் பெரும்பகுதி போய்விட்டது. அவரைக் குறை சொல்ல மாட்டேன். உயில் எழுதி வைத்தால் தீ பயந்து போய்விடுமா? அவர் எடுத்த படங்களும் பத்திரிகைக் கட்டுரைகளும் வேறு இடங்களில் இருந்ததால்தான் 1981-ல் அவர் வேலையைப் பற்றி ஒரு புத்தகம் வர முடிந்தது. படம் எடுத்தவர் படத்தில் பிழைத்தார்.

இங்கிலாந்தில் ஜான் அஹெர்ன் என்பவர் மேடர் வேலி என்ற கற்பனைப் பள்ளத்தாக்கு ரயில்வேயைக் கட்டினார். அவர் 1961-ல் இறந்த பிறகு அது ஆக்ஸ்ஃபோர்ட்ஷயரில் உள்ள பென்டன் அருங்காட்சியகத்துக்குப் போய் இன்றும் இருக்கிறது. அந்த அருங்காட்சியகத்தை உண்டாக்கிய ராய் இங்கிலாந்து (பெயரே அதுதான்) ஆஸ்திரேலியாவிலிருந்து 1925-ல் வந்தவர். கூரை வேய்ந்த பழைய கிராமத்து வீடுகள் கண்ணெதிரே மாறிப்போவதைப் பார்த்து, அவற்றை 76-ல் ஒரு பங்கு அளவில் செய்து வைத்துவிட வேண்டும் என்று தீர்மானித்தார். ஒரு வீட்டுக்கே மாதக்கணக்கில் வேலை. 1954-ல் அருங்காட்சியகம், 1995-ல் அவர் மறைவு. வேலை நிற்கவில்லை, தன்னார்வலர்கள் தொடர்ந்தார்கள். அவர் உயிரோடு இருக்கும்போதே மற்றவர்கள் கையில் கத்தியையும் பசையையும் கொடுத்துப் பழக்கியிருந்தார்.

நம் நாட்டில் புனே கோத்ரூடில் பாவுசாகேப் ஜோஷி 1998-ல் திறந்த சின்ன ரயில் அருங்காட்சியகம் உண்டு. தகப்பனுக்குப் பிறகு மகன் நடத்துகிறார். அது கொடுப்பினை. எல்லோருக்கும் அமையாது. என் மகளுக்கு ரயில் என்றால் ஐஆர்சிடிசிதான்.

எனக்குத் தெரிந்த ஒருவர், ரயில்வேயில் ஓய்வு பெற்றவர், முப்பது வருடம் சேர்த்தார். பதினாறாம் நாள் காரியம் முடிந்த வாரமே எல்லாம் கிலோ கணக்கில் பழைய இரும்புக் கடைக்குப் போனது. பிள்ளைகள் கெட்டவர்கள் இல்லை. அவர்களிடம் யாரும் ஒன்றும் சொல்லி வைக்கவில்லை. அசல் அட்டைப் பெட்டியோடு இருந்தால்தான் விலை என்பது அவர்களுக்குத் தெரியாது. அட்டைகளை முதல் நாளே பேப்பர்காரரிடம் போட்டுவிட்டார்கள். அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

பீரோவில் பூட்டி வைத்தாலும் நிற்காது, அது வேறு. பழைய வார்ப்புகளில் துத்தநாகத்தோடு கொஞ்சம் ஈயம் கலந்திருந்தால் உலோகம் தானாக வெடித்துப் பொடிந்துவிடும். என்னிடம் உள்ள ஒரு பழைய சரக்குப் பெட்டியின் சக்கரம் அப்படித்தான் கையோடு வந்தது.

ஆகவே முடிவு செய்துவிட்டேன். நாற்பது பக்க நோட்டில் எழுதிக்கொண்டிருக்கிறேன்: ஒவ்வொன்றின் பெயர், எண், வாங்கிய வருடம், அட்டை இருக்கிறதா, ஓடுகிறதா. மகள் போனில் படம் எடுத்துத் தருகிறாள். பேரன் இரண்டு எடுத்துக்கொள்ளலாம். மற்றதை விற்றுக்கொள் என்று மகளிடம் சொல்லிவிட்டேன். அப்பா பொருளை விற்றோமே என்று அவள் பிறகு அழக் கூடாது என்பதால் அதையும் நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். பச்சை எஞ்சின் பள்ளிக்கு. தலைமையாசிரியரிடம் பேசிவிட்டேன், அலமாரியில் பூட்டி வைக்காமல் ஓட்டிக் காட்டினால்தான் தருவேன் என்று.

மாடியில் உள்ள பலகையைத்தான் யாரும் வாங்க மாட்டார்கள். ஆணியடித்த ஊர் வாசற்படி தாண்டாது. அதை நானே பிரிக்கப் போகிறேன். அடுத்த ஞாயிறு காலை பத்து மணிக்கு எல்லா எஞ்சினும் ஒரு சுற்று ஓடும், பிறகு பிரிப்பு. டாக்டர் என்னைக் கனம் தூக்கக் கூடாது என்றிருக்கிறார். பக்கத்தில் இருக்கும் பழைய மாணவர்கள் நாலைந்து பேர் வந்தால் போதும். ஸ்க்ரூ டிரைவர் கொண்டு வாருங்கள். வீட்டில் இட்லி, வடை உண்டு.