பல்லுக்கு வேர் கிடைத்த வரலாறு

பல் போனால் சொல் போகும் என்பது நம் நாட்டுப் பழமொழி. முதுமையை எள்ளி எழுந்த மொழி இது என்று கருதுவோர் உளர். உண்மையில் இது இலக்கணத்தோடு ஒத்த மொழியாகும். எழுத்துகள் பிறத்தற்குரிய இடங்களை எட்டு என வகுத்த தொல்காப்பியம், தலை, மிடறு, நெஞ்சு, நா, மூக்கு, இதழ், அண்ணம் என்பவற்றோடு பல்லையும் ஓரிடமாக எண்ணுகிறது. நாவின் நுனி மேற்பல்லின் அடியைச் சென்று பொருந்தினாலன்றித் தகரமும் நகரமும் பிறவா. பல்லும் இதழும் இயைந்தாலன்றி வகரம் பிறவாது. தமிழ் என்னும் சொல்லின் முதலெழுத்தே பல்லின் துணையால் பிறப்பது என்பதை எண்ணுங்கால், பல்லின் இழப்பு வெறும் அழகின் இழப்பன்று என்பது விளங்கும்.

நாம் அலுவல் காரணமாகத் திருவனந்தபுரத்தில் வாழ்ந்து வருகிறோம். கரமனையில் நாம் குடியிருக்கும் தெருவில், திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்து மகனோடு தங்கியிருக்கும் பெரியவர் ஒருவர் உண்டு. தமிழாசிரியராயிருந்து ஓய்வு பெற்றவர். அவருடைய பேரக்குழந்தைகள் பள்ளியில் மலையாளமும் ஆங்கிலமும் பயில்கிறார்கள். அக்குழந்தைகளின் காதில் நல்ல தமிழ் விழுவதற்கு இருந்த வழி, மாலை வேளையில் தாத்தா சொல்லும் கதைகளே. பற்கள் யாவும் விழுந்தபின் பெரியவருக்குப் பல்செட்டுக் கட்டினார்கள். மேல் தாடையில் அது நின்றது. கீழ்த் தாடையில் நிற்கவில்லை. இரண்டு வாக்கியம் பேசுவதற்குள் நழுவி நாவின்மேல் ஏறிவிடும். நாளடைவில் அவர் அதனைக் கழற்றிக் கிண்ணத்து நீரில் இட்டுவிட்டார். குழைந்த சோறும் ரசமுமே உணவாயின. கதை சொல்வதும் நின்றது. தாத்தா பேசுவது விளங்கவில்லை என்று சின்னப் பேத்தி கூறினாளாம்.

"எலும்பிலேயே பல்லை நட்டுவிடுகிறார்களாமே, தம்பி, அது மெய்தானா?" என்று அவர் ஒரு நாள் நம்மை வினவினார். அவ்வினாவுக்கு விடை தேடப் புகுந்தபோது நாம் அறிந்தவற்றையே இங்கு நேயர்களுக்குக் கூறுகிறோம்.

இழந்த பல்லுக்கு மாற்றுத் தேடும் முயற்சி மிகவும் தொன்மையானது. கிறிஸ்து பிறப்பதற்கு ஏழு நூற்றாண்டுகளுக்கு முன்னரே, இத்தாலியில் வாழ்ந்த எட்ருஸ்கர் என்னும் மக்கள் பொற்றகட்டைப் பட்டையாக வளைத்துப் பொய்ப்பல்லை அடுத்துள்ள பற்களோடு பிணைத்தனர். நடு அமெரிக்காவைச் சேர்ந்த ஹாண்டுராஸ் நாட்டில் 1931-ஆம் ஆண்டு பழந்தாடை எலும்பு ஒன்று அகழ்ந்தெடுக்கப்பட்டது. மாயர் காலத்ததாகிய அத்தாடையில், கீழ் முன்பற்கள் மூன்றன் இடத்தில் சிப்பித் துண்டுகள் பல்வடிவாகச் செதுக்கிச் செருகப்பட்டிருந்தன. பிற்காலத்தில் அதனை எக்ஸ்-கதிரால் ஆராய்ந்தபோது, அத்துண்டுகளைச் சுற்றி எலும்பு வளர்ந்திருந்தமை புலப்பட்டது. அஃதாவது, உயிரோடிருந்த மனிதனின் வாயிலேயே அவை நடப்பட்டிருந்தன. இக்காலத்து முறையின் முதற் சாயல் இது எனலாம்.

ஆயினும் அதன்பின் பல நூற்றாண்டுகள் உலகம் வேறு வழியிலேயே சென்றது. பதினெட்டாம் நூற்றாண்டில், வறியவர் வாயிலிருந்து பல்லை விலைக்குப் பிடுங்கிச் செல்வர் வாயில் நடும் வழக்கம் இங்கிலாந்தில் இருந்தது. அப்பற்கள் நெடுநாள் நில்லா. நோயும் உடன் பரவியது. அமெரிக்காவின் முதற் குடியரசுத் தலைவராக 1789-ஆம் ஆண்டு பதவியேற்ற ஜார்ஜ் வாஷிங்டனுக்கு அப்போது எஞ்சியிருந்த சொந்தப் பல் ஒன்றே. அவர் அணிந்த பல்செட்டு மரத்தாலானது என்பது கட்டுக்கதை. நீர்யானைத் தந்தம் முதலியவற்றால் செய்யப்பட்டது. 1815-இல் நிகழ்ந்த வாட்டர்லூப் போரில் மாண்ட வீரர்களின் பற்களும் பிடுங்கி விற்கப்பட்டன. பின்னர்ப் பீங்கான் பற்கள் வந்தன. குட்இயர் என்பவர் இரப்பரைக் கெட்டிப்படுத்தும் முறைக்கு 1844-இல் காப்புரிமை பெற்றதன் பயனாக, ஈறின் வடிவத்துக்கேற்பப் படியும் அடித்தட்டுகளைச் செய்ய இயன்றது. இருபதாம் நூற்றாண்டின் முப்பதுகளில் அக்ரிலிக் பிளாஸ்டிக் அவ்விடத்தைப் பெற்றது.

நம் நாட்டிலும் நகர்தோறும் சீனப் பல் வைத்தியர் என்று பலகை மாட்டிய கடைகள் இருந்தமை மூத்தோர் நினைவில் இருக்கும். டாக்டர் ரஃபியுத்தீன் அகமது 1920-ஆம் ஆண்டு கல்கத்தாவில் நிறுவிய கல்லூரியே இந்தியாவின் முதற் பல் மருத்துவக் கல்லூரியாகும். 1948-இல் பல் மருத்துவர் சட்டம் இயற்றப்பட்டது. சென்னையில் 1953-ஆம் ஆண்டும், திருவனந்தபுரத்தில் 1959-ஆம் ஆண்டும் அரசு பல் மருத்துவக் கல்லூரிகள் தோன்றின.

பொன்னாயினும் தந்தமாயினும் பிளாஸ்டிக்காயினும் இவை அனைத்துக்கும் பொதுவான குறை ஒன்று உண்டு. இவை ஈறின்மேல் அமர்ந்திருப்பவை, வேர் இல்லாதவை. இயற்கைப் பல்லோ தாடை எலும்புக்குள் வேர் கொண்டது. நாம் மெல்லும்போதெல்லாம் அவ்வேர் எலும்பை அழுத்தித் தூண்டுகிறது. அத்தூண்டுதலே எலும்பை வாழ வைக்கிறது. பல் விழுந்ததும் தூண்டுதல் நின்று எலும்பு கரையத் தொடங்கும். பல் பிடுங்கிய இடத்தில் எலும்பின் அகலம் ஓராண்டுக்குள் பாதியளவு வரை குறையக்கூடும். கன்னம் ஒடுங்குவதும், நன்றாகப் பொருந்தியிருந்த பல்செட்டுச் சில ஆண்டுகளில் தளர்வதும் இதனாலேயே. நம் பெரியவரின் கீழ்த் தாடையில் நடந்ததும் இதுதான். பல்லுக்கு வேர் செய்ய வேண்டுமானால் எலும்பு பகைக்காத பொருள் ஒன்று வேண்டும். பொன், பிளாட்டினம் முதலியவற்றைப் பலர் முயன்று பார்த்தனர். அவை நிலைத்த பயன் தரவில்லை.

அப்பொருள் யாதென்று அறிய நாம் சற்றே கடற்கரைக்குச் செல்ல வேண்டும். கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சி 1956-ஆம் ஆண்டு வரை திருவிதாங்கூர்ப் பகுதியாக இருந்தது. அங்கிருந்து கொல்லத்தை அடுத்த சவரை வரையில் அலை ஒதுக்கும் மணல் ஆங்காங்கே கறுத்திருப்பதை நேயர்களில் பலர் கண்டிருப்பீர்கள். கயிற்றுச் சரக்கில் ஒட்டி ஐரோப்பா சென்ற இம்மணலில் மோனசைட் என்னும் அரிய கனிமம் இருப்பதை, 1909-ஆம் ஆண்டு ஷோம்பர்க் என்னும் ஜெர்மானியர் கண்டறிந்தார். அம்மணலுக்குக் கருநிறம் தருவது இல்மனைட் என்னும் மற்றொரு கனிமம். இல்மனைட்டில் அடங்கியிருக்கும் உலோகமே டைட்டேனியம்.

இவ்வுலோகம் முதன்முதலில் அறியப்பட்டதும் கருமணலிலிருந்துதான். இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியில், கிரகர் என்னும் பாதிரியார் 1791-இல் ஓடை மணலை ஆராய்ந்து இதனைக் கண்டார். கிளாப்ராத் என்னும் வேதியியலார் 1795-இல் இதற்குப் பெயரிட்டார். ஆனால் மண்ணிலிருந்து இவ்வுலோகத்தைத் தூய நிலையில் பெருமளவில் பிரிக்கும் வழி, குரோல் என்பவர் 1940-இல் காப்புரிமை பெற்ற முறைக்குப் பின்னரே உலகுக்குக் கிடைத்தது. திருவனந்தபுரத்தில் கொச்சுவேளிக் கடற்கரையருகே, மன்னர் சித்திரைத் திருநாள் காலத்தில், 1946-ஆம் ஆண்டு டைட்டேனியம் ஆலை ஒன்று நிறுவப்பட்டது. கருமணலிலிருந்து சாயத்துக்கான வெண்பொடி எடுப்பது அதன் தொழில். உலோகமாகவே பிரித்தெடுக்கும் ஆலை சவரையில் 2011-ஆம் ஆண்டு திறக்கப்பட்டது; விண்வெளித் துறையின் தேவைக்காக எழுந்த அது, ஆண்டுக்கு 500 டன் ஆற்றலுடையது.

வானூர்திக்குரிய இவ்வுலோகம் வாய்க்குள் வந்தது தற்செயலாக நிகழ்ந்தது. 1952-ஆம் ஆண்டு சுவீடன் நாட்டில் பிராநேமார்க் என்னும் இளம் ஆராய்ச்சியாளர், எலும்புக்குள் குருதி ஓடும் பாங்கை அறிய விரும்பினார். டைட்டேனியத்தாலான சிறு நோக்குக் குழலை முயலின் கால் எலும்பில் பொருத்தினார். ஆய்வு முடிந்து குழலை எடுக்க முயன்றபோது அது வரவில்லை. எலும்பு அதனை அயற்பொருளாகத் தள்ளாமல், தன் உறுப்பாகவே ஏற்றுப் பற்றிக்கொண்டிருந்தது. டைட்டேனியம் காற்றுப் பட்டவுடன் அதன் மேற்பரப்பில் மிக மெல்லிய ஆக்சைடுப் படலம் ஒன்று படிகிறது. அப்படலம் உலோகத்தை அரிக்கவிடாது காப்பதோடு, எலும்பு உயிரணுக்கள் வந்து படிந்து வளரவும் இடந்தருகிறது. இதுவே இதன் மருமம்.

பதின்மூன்று ஆண்டுகள் கழித்து, 1965-இல், பிறவியிலேயே தாடைக் குறையுடைய ஒருவரின் கீழ்த் தாடையில் பிராநேமார்க் நான்கு டைட்டேனிய வேர்களை நட்டார். அவை அம்மனிதர் 2006-ஆம் ஆண்டு இறக்கும் வரை, நாற்பது ஆண்டுகளுக்கு மேல் நிலைத்திருந்தன. ஆயினும் மருத்துவ உலகம் எளிதில் நம்பிவிடவில்லை. 1982-ஆம் ஆண்டு கனடாவின் டொராண்டோ நகரில் கூடிய மாநாட்டின் பின்னரே இம்முறை எங்கும் மதிப்புப் பெற்றது.

ஆங்கிலத்தில் இதற்கு இம்ப்ளாண்ட் என்று பெயர். மொழிபெயர்ப்பே நமது தொழிலாதலால், இச்சொல்லுக்கு நேரான தமிழ் எதுவென்று எண்ணிப் பார்த்தோம். தோட்டக்காரர் கிளையை மண்ணில் வளைத்து ஊன்றி வேர்விடச் செய்வதைப் பதியம் போடுதல் என்பர். பல் பதியம் என்று கூறினால் பொருள் தானே விளங்குகிறது. ஏனெனில் இங்கும் நடுவது மட்டும் மனிதன் செயல், பற்றுவது எலும்பின் செயல்.

செய்முறை இது: வலி தெரியாதிருக்க மரப்பு ஊசி போட்டு, ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் நீளமுள்ள திருகாணி ஒன்றை எலும்பில் பொருத்துகிறார்கள். எலும்பு அதனைப் பற்றிக்கொள்ளப் பொதுவாக மூன்று முதல் ஆறு மாதம் வரை ஆகும். அதன்பின் அத்திருகாணிமேல் இணைப்புத் துண்டும், அதன்மேல் பல்லும் அமைக்கப்படும். பற்கள் யாவும் இழந்தவருக்குப் பல்லுக்கொரு பதியம் வேண்டுவதில்லை. கீழ்த் தாடைக்கு இரண்டே பதியங்கள் வைத்து, அவற்றில் பல்செட்டைப் பொத்தான் போல மாட்டிக்கொள்ளலாம். இதுவே முதல் தேர்வாகக் கொள்ளத்தக்க சிகிச்சை என்று 2002-இல் கனடாவின் மக்கில் பல்கலைக்கழகத்தில் கூடிய அறிஞர்கள் கருத்துரைத்தனர்.

உடல் ஏற்கும் பொருள்களை நம் நாட்டிலேயே ஆக்க வேண்டும் என்னும் எண்ணத்துக்கும் திருவனந்தபுரம் ஒரு தாயகம். 1973-ஆம் ஆண்டு திருவிதாங்கூர் அரச குடும்பம் மக்களுக்கு அளித்த கட்டடத்தில் 1976-இல் தொடங்கிய சித்திரைத் திருநாள் மருத்துவ நிலையம், 1980-இல் நாடாளுமன்றச் சட்டத்தால் தேசிய முக்கியத்துவமுடைய நிறுவனமாயிற்று. அதன் முதல் இயக்குநர் டாக்டர் வலியத்தான். பூஜப்புரையில் உள்ள அரண்மனையொன்றில் அதன் தொழில்நுட்பப் பிரிவு இயங்குகிறது. அயல்நாட்டு இதய வால்வை வாங்க இயலாத ஏழைகளுக்காக அங்கு வால்வு ஒன்றை உருவாக்க முயன்றனர். முதல் மூன்று வடிவங்கள் பயனின்றிப் போயின. நான்காவது வடிவம் 1990-ஆம் ஆண்டு டிசம்பரில் முதன்முதலாக நோயாளி ஒருவருக்குப் பொருத்தப்பட்டது. இன்றைக்கு அது பொருத்தப்பட்டோர் தொகை ஒரு லட்சத்தைக் கடந்துவிட்டது. பற்குழியை அடைக்கும் பூச்சும், கரைந்த எலும்பின் இடத்தை நிரப்பும் ஹைட்ராக்சி அபடைட் மணிகளும் அந்நிறுவனத்தின் ஆய்வில் விளைந்தவையே. எலும்பின் இயற்கைக் கனிமமும் அபடைட் வகையைச் சேர்ந்ததே ஆதலின், பதியம் வைக்க எலும்பு போதாதவர்க்கு இத்தகைய மணிகள் துணையாகின்றன.

இம்முறை எல்லார்க்கும் ஏற்றது என்று நாம் கூறவில்லை. கட்டுக்கடங்காத நீரிழிவு உள்ளவர்க்கும், புகையிலையை விடாதவர்க்கும் பதியம் தளர்ந்துபோகும் வாய்ப்பு மிகுதி. எலும்புத் தேய்வுக்கு மருந்துண்போர் அதனை மருத்துவரிடம் முன்னரே கூற வேண்டும். பதியப் பல் சொத்தையாகாது. ஆனால் அதனைச் சுற்றிய ஈறு நோயுறும். ஆகவே நாள்தோறும் துலக்குதல் இன்றியமையாதது. செலவும் சிறிதன்று. எனினும் அரசு பல் மருத்துவக் கல்லூரிகளில் தனியாரிடத்தினும் பொதுவாகக் குறைவு. முதுமை மட்டுமே ஒரு தடையன்று என்பதையும் நினைவிற்கொள்ள வேண்டும்.

நம் பெரியவர் சென்ற மாதம் இரண்டு பதியங்கள் வைத்துக்கொண்டார். இப்போது எலும்பு பற்றுவதற்காகக் காத்திருக்கிறார். "நாற்று நட்டவன் அறுப்புக்குக் காத்திருப்பதில்லையா, தம்பி?" என்கிறார். தமிழகத்துக்கு வெளியே வாழும் நம்மவர் இல்லங்களில், முற்றத்திலோ மாடியறையிலோ பேச்சொழிந்து அமர்ந்திருக்கும் முதியோர் பலர் இருக்கக்கூடும். அவர்கள் பேசாதிருப்பது மனத்தாங்கலாலா, பல்லின்மையாலா என்று ஒரு முறை கேட்டறியுங்கள். பல்லின்மையே காரணமாயின், எலும்பு மேலும் கரைவதற்குமுன் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். நம் பிள்ளைகள் கேட்க வேண்டிய கதைகள் இன்னும் அவர்களிடத்தில்தான் இருக்கின்றன.