ஆஸ்பத்திரியா, ஊர் காலியா: 1905 திருவண்ணாமலைப் பிளேக்கை முன்வைத்து

அடி அண்ணாமலையில் கிரிவலப் பாதையோரம் நின்றால் பெரிய கோயிலின் ராஜகோபுரம் தெரியாது, மலை மறைத்துவிடும். ஆனால் 14 கி.மீ. சுற்றுப்பாதையில் எங்கே நின்றாலும் ஊர் நடந்துபோகும் தொலைவில்தான் இருக்கிறது. கொள்ளைநோய்க் காலத்தில் 'ஊரை விட்டுப் போவது' என்பதை நாம் பெரும்பாலும் தலைதெறிக்க ஓடுவதாகவே கற்பனை செய்துகொள்கிறோம். திருவண்ணாமலை வேறொன்றை யோசிக்க வைக்கிறது.

1905இல் இங்கே பிளேக் பரவியபோது, விரூபாட்ச குகையில் இருந்த ரமணர் வடகிழக்கு அடிவாரத்துப் பச்சையம்மன் கோயிலுக்கு வந்து சுமார் ஆறு மாதம் தங்கினார். சரித்திரங்களில் ஒரே வரியில் கடந்துபோகும் செய்தி இது. ஒரு துறவியின் இடமாற்றத்தை வைத்து ஓர் ஊரின் கதையை எழுதிவிட முடியாது என்பது உண்மைதான். எனினும், விக்டோரியா காலத்துத் தொற்றுநோய் ஆஸ்பத்திரி என்ற ஏற்பாட்டை எதிர்த்திசையிலிருந்து பார்க்க அந்த ஒரு வரி வழிவிடுகிறது.

அந்த ஏற்பாட்டின் தாயகம் லண்டன். 1867 சட்டத்தின்படி அமைந்த பெருநகர வாரியம், அம்மைக்கும் காய்ச்சலுக்குமென ஹாம்ப்ஸ்டெட், ஹோமர்டன், ஸ்டாக்வெல் ஆகிய இடங்களில் தனி ஆஸ்பத்திரிகளைத் திறந்தது. நோயாளியை வீட்டிலிருந்து பிரித்துச் சுவருக்குள் வைப்பதே அதன் அடிப்படை. ஹாம்ப்ஸ்டெட்வாசிகள் சும்மா இருக்கவில்லை. எங்கள் தெருவில் அம்மை ஆஸ்பத்திரி கூடாது என்று வழக்குப் போட்டார்கள். 1881இல் பிரபுக்கள் சபை வரை போய் வாரியம் தோற்றது. வழக்குப் போட்ட கனவான்களை யாரும் மூடநம்பிக்கைக்காரர்கள் என்று சொல்லவில்லை.

அந்தச் சலுகை பம்பாய்க்குக் கிடைக்கவில்லை. 1896இல் பிளேக் வந்ததும் ஆர்தர் ரோடு ஆஸ்பத்திரிக்கு ஆட்களை வலுக்கட்டாயமாகக் கொண்டுபோனார்கள். அக்டோபரில் மில் தொழிலாளர்கள் அதைத் தாக்கினார்கள். 1897 தொடக்கத்தில் கொள்ளைநோய்ச் சட்டம் வந்தது. ஜூனில் புனேயில் பிளேக் அதிகாரி ராண்ட் சுடப்பட்டார். சாதி, சமூக வாரியாகத் தனி ஆஸ்பத்திரிகளை அனுமதித்து அரசு சற்று இறங்கிவந்தது. சென்னை மாகாணத்தில் அழுத்தம் ரயிலடியில் விழுந்தது: நோயுள்ள பகுதியிலிருந்து வந்தவர் 'பிளேக் பாஸ்போர்ட்' வாங்கிக்கொண்டு, பத்து நாள் வரை அதிகாரி முன் தலைகாட்டவேண்டும்.

இந்த எதிர்ப்பைத் தீட்டு, மானம், அந்நிய ஆட்சி மீதான அச்சம் என்ற சொற்களில் விளக்குவது வழக்கம். வரலாற்றாசிரியர் டேவிட் ஆர்னால்டு 1993இல் எழுதிய நூல் அதில் முதன்மையானது. அந்த விளக்கம் தவறில்லை, ஆனால் போதாது. மக்களின் அச்சத்தைப் பண்பாடாக மட்டும் படித்தால், அவர்கள் செய்தது நோயைப் பொறுத்தவரை சரியா என்ற கேள்வியே எழாமல் போய்விடுகிறது.

1898இலேயே கராச்சியில் மருத்துவர் பால்-லூயி சிமோன் எலியின் தெள்ளுப்பூச்சியைச் சந்தேகித்துச் சோதனை செய்தார். அவரை நம்பியவர் குறைவு. 1905இல், அதாவது ரமணர் பச்சையம்மன் கோயிலில் இருந்த அதே ஆண்டில், பம்பாயில் ஆய்வுக்குழு ஒன்று வேலையைத் தொடங்கியது. தெள்ளுப்பூச்சி நிறைந்த அறையில் சீமைப் பெருச்சாளிக் கூண்டுகளைத் தொங்கவிட்டார்கள். தரையிலிருந்து இரண்டு அங்குல உயரத்தில் தொங்கியதற்குப் பிளேக் வந்தது. இரண்டடி உயரத்தில் இருந்தது தப்பியது. தெள்ளுப்பூச்சியால் அவ்வளவு தூரம் தாவ முடியாது. இந்த இரண்டடிதான் ஆஸ்பத்திரிச் சுவரின் மருத்துவ நியாயத்தை உடைத்தது. நெறிகட்டும் பிளேக்கில் ஆபத்து பெரும்பாலும் நோயாளியின் மூச்சில் இல்லை. வீட்டுத் தரையில், குதிரில், எலி செத்துக் கிடக்கும் கூரையில் இருக்கிறது. நோயாளியைத் தூக்கிக்கொண்டு போய், மற்றவர்களை அதே வீட்டில் விட்டுவைப்பது தலைகீழ் வைத்தியம். எல்லோரும் வீட்டைப் பூட்டிவிட்டு வெட்டவெளியில் கொட்டகை போடுவதே சரியான வைத்தியம். தானியம் சேர்த்துவைக்காத, மக்கள் நெருக்கமில்லாத ஒரு மலையடிக் கோயில் அதற்கு மோசமான இடமல்ல.

இதை ஊர்ப்புற ஞானத்தின் வெற்றியாக்கிக் கொண்டாட நான் தயாரில்லை. காரணங்கள் உண்டு. முதலாவது, ஊர் காலி செய்வதை அரசும் ஆணையாகப் போட்டது. அது மக்கள் முறை மட்டுமல்ல. அடுத்து, வெட்டவெளிக்குப் போவதும் உறவினர் வீட்டுக்கு ஓடுவதும் ஒன்றல்ல. இரண்டாவதில் துணிமூட்டைக்குள் தெள்ளுப்பூச்சியும் கூடவே போகும். ஓடுபவர்கள் நோயைப் பரப்புகிறார்கள் என்று பதறிய அதிகாரிகள் சொன்னதில் அந்த அளவுக்கு உண்மை இருந்தது. நுரையீரலைத் தாக்கும் பிளேக் மூச்சிலேயே பரவும். அங்கே லண்டன் சுவருக்கு வேலை உண்டு. அம்மைக்கும் உண்டு. அம்மை பார்த்த வீட்டு வாசலில் வேப்பிலை செருகி, தலைக்குத் தண்ணீர் ஊற்றும்வரை வெளியாரை உள்ளே விடாத வழக்கமும் ஒரு சுவர்தான். செங்கல் இல்லாத சுவர்.

2020 மார்ச்சில் கொரோனாவால் கிரிவலம் நிறுத்தப்பட்டது. 2022 மார்ச்சில்தான் மீண்டும் அனுமதித்தார்கள். அந்த 1897 சட்டமே தமிழகத்திலும் மறுபடி எடுத்தாளப்பட்டது. பௌர்ணமியில் அடி அண்ணாமலைப் பாதை வெறிச்சோடிக் கிடந்தது. முன்பு வீட்டை விட்டு வெளியேறச் சொன்ன அதே சட்டம் இம்முறை வீட்டுக்குள்ளேயே இருக்கச் சொன்னது; கிருமி வேறு. ஆனால் ஒரு கேள்வி இரண்டு காலத்துக்கும் பொது. 1905இல் பூட்டிவிட்டுப் போக வீடும், கொட்டகை போட நிலமும், ஆறு மாதம் கூலியில்லாமல் சாப்பிட வழியும் யாருக்கு இருந்தன? பச்சையம்மன் கோயிலில் தங்கியவரைப் பற்றி ஒரு வரியாவது இருக்கிறது.