நல்ல தண்ணி, உப்புத் தண்ணி, தெரியாத தண்ணி

மதுரைப் பக்கம் தண்ணியில ரெண்டே வகைதான். நல்ல தண்ணி, உப்புத் தண்ணி. பருப்பு சீக்கிரம் வெந்தா நல்ல தண்ணி. சோப்பு நுரைக்காம, பாத்திரத்து அடியில வெள்ளையா படிஞ்சா உப்புத் தண்ணி. எங்க அப்பத்தா ஒரு மடக்கு குடிச்சுட்டு, எந்தத் தெருக் கிணறுன்னே சொல்லிடும்.

சிரிக்காதீங்க மக்களே. பருப்பு வேகாததுக்குக் காரணம் தண்ணியில கரைஞ்சிருக்கிற கால்சியமும் மக்னீசியமும்தான். கடினத்தன்மையைக் கண்டுபிடிக்க அது உருப்படியான சோதனை. இங்கேருந்து கூப்பிடு தூரத்துல இருக்கிற கீழடியில, 2015-லேருந்து நடந்த அகழாய்வுல சுடுமண் உறைகிணறுகள் கிடைச்சுது. ரெண்டாயிரம் வருஷத்துக்கு மேல கிணறு வெட்டிக் குடிச்ச சனம் நாம. உப்பைக் குறைக்கக் கிணத்துல நெல்லிக்கட்டை போட்டோம். கலங்கலைத் தெளிய வைக்கத் தேத்தாங்கொட்டையை உரசி விட்டோம். எல்லாமே கண்ணும் நாக்கும் சொன்ன குறைக்கு வைத்தியம்.

ஆனா கிணத்துத் தண்ணியோட வரலாற்றைத் திருப்பிப் போட்டதெல்லாம் கண்ணுக்கும் நாக்குக்கும் சிக்காத சமாச்சாரங்கள்தான்.

முதல் எதிரி: நரம்புச் சிலந்தி

படி வச்ச கிணத்துல இறங்கிக் காலை நனைச்சுத் தண்ணி மொண்ட காலம். கால்ல கொப்புளம் உடைஞ்சு, கிட்டத்தட்ட ஒரு மீட்டர் நீளத்துக்குப் புழு வெளிய வரும். ஒரு குச்சியில தினம் கொஞ்சம் கொஞ்சமா சுத்தி எடுக்கணும். அறுந்துச்சுன்னா போச்சு, சீழ் பிடிச்சுக்கும். அந்தக் காலோட தண்ணியில இறங்கினா புழுவோட குஞ்சுகள் தண்ணியில கலந்து, சைக்ளாப்ஸ்ங்கிற நுண்ணுயிருக்குள்ள போயிடும். அதைக் குடிக்கிறவனுக்கு ஒரு வருஷம் கழிச்சுக் கால்ல கொப்புளம்! இந்தச் சங்கிலியை ஃபெட்சென்கோங்கிற ரஷ்யர் 1870 வாக்குல கண்டுபிடிச்சார்.

மருந்தும் இல்லை, தடுப்பூசியும் இல்லை. படிக்கிணறுகளை மூடி, கைப்பிடிச் சுவர் வச்ச இறைகிணறா மாத்தினாங்க. துணியில வடிகட்டிக் குடிக்கச் சொன்னாங்க. தமிழ்நாட்டுல 1980களோட தொடக்கத்துலயே ஒழிஞ்சுது. இந்தியாவோட கடைசி நோயாளி 1996-ல, ராஜஸ்தான்ல. 2000-ல உலக சுகாதார நிறுவனம் சான்றிதழே கொடுத்துச்சு.

ரெண்டாவது எதிரி: பாறை

அடுத்தது ஆழ்துளைக் கிணறு. 1970களோட பிற்பகுதியில இந்தியா மார்க் 2 கைப்பம்பு வந்துச்சு. கோயமுத்தூர்ப் பக்கம் சோதிச்சு, சென்னையில உற்பத்தி ஆன பம்பு. கிருமி குறைஞ்ச தண்ணி கிடைச்சுது, ஊர் ஊரா கும்பிட்டு வாங்கிக்கிட்டோம். ஆனா பாறை இடுக்குல ரொம்ப நாள் கிடக்கிற தண்ணி, பாறையில இருக்கிற ஃபுளோரைடையும் கரைச்சுக்கிட்டு வரும்.

இது புதுசா தெரிஞ்ச விஷயமும் இல்லை. அப்போ சென்னை மாகாணத்துல இருந்த பொதிலிப் பக்கம் (இன்னைக்கு ஆந்திரா) 1930கள்ல உழவு மாடுங்க மூட்டு இறுகி நடக்க முடியாம நின்னுச்சு. அப்புறம்தான் மனுசங்களுக்கும் முதுகெலும்பு வளையாம போறதைக் கவனிச்சாங்க. கிண்டி கிங் இன்ஸ்டிடியூட் டாக்டர் ஷார்ட்டும் கூட இருந்தவங்களும் 1937-ல இது ஃபுளோரைடு வேலைன்னு எழுதினாங்க. இந்தியாவிலயே முதல் பதிவு அதுதான். கைப்பம்பு வர்றதுக்கு நாப்பது வருஷம் முன்னாடியே!

நம்ம மாவட்டத்துல உசிலம்பட்டிப் பக்கத்து நிலத்தடி நீர்ல ஃபுளோரைடு கூடுதலா இருக்கிறதை ஆய்வுகள் காட்டியிருக்கு. சின்ன வயசுல, பல் உருவாகும்போதே உள்ள போற விஷயம் அது. பல்லுல காவிக் கறை விழுந்துட்டா எந்தப் பல்பொடிக்கும் போகாது. பல்லைப் பார்த்து "விளக்குறதே இல்லையா"ன்னு கேக்கிற ஊர்ல, வாயை மூடிக்கிட்டே சிரிக்கிற பிள்ளைங்க வளருது. அது குடிச்ச தண்ணி மேல இருக்கிற தப்பு, பிள்ளை மேல இல்லை.

மூணாவது எதிரி: நாமளேதான்

ரெண்டு சென்ட் இடத்துல ஒரு மூலையில போர், இன்னொரு மூலையில செப்டிக் டேங்க். மதுரையில புதுசா வர்ற ஏரியா எல்லாம் இதே கதைதான். நைட்ரேட்டும் மலக்கிருமியும் ரெண்டுக்கும் நடுவுல இருக்கிற மண்ணைப் பத்திக் கவலைப்படறதில்லை.

போன வருஷம் வீட்டுக்கு ஒரு விற்பனைப் பிரதிநிதி வந்தார். எங்க போர் தண்ணியில ரெண்டு கம்பியை விட்டுக் கரண்ட் கொடுத்தார். தண்ணி செங்கல் கலராயிடுச்சு. "பாத்தீங்களா சார் அழுக்கை!" அது தண்ணி அழுக்கு இல்லை சாமி, கரைஞ்சு வந்த கம்பியோட இரும்பு. டி.டி.எஸ். மீட்டரும் அப்படித்தான். மொத்த உப்பு எவ்வளவுன்னு சொல்லும். அதுல 300 காட்டுற தண்ணிக்குள்ள 3 மில்லிகிராம் ஃபுளோரைடு ஒளிஞ்சிருந்தா அதுக்குத் தெரியாது. கிருமியும் தெரியாது.

உருப்படியான வழி என்னன்னா... குடிநீர் வடிகால் வாரியத்தோட ஆய்வுக்கூடம் மதுரையிலயே இருக்கு. கட்டணம் கட்டினா தனியார் கிணத்துத் தண்ணியையும் சோதிப்பாங்க. மோட்டாரைச் சில நிமிஷம் ஓடவிட்டு, அதே தண்ணியில கேனைக் கழுவிட்டுப் பிடிங்க. கிருமி சோதனைக்கு மட்டும் அவங்க தர்ற சுத்திகரிச்ச பாட்டில்தான். அதைக் கழுவக் கூடாது, அன்னைக்கே கொண்டுபோய்க் கொடுக்கணும். ரிப்போர்ட்ல மூணு விஷயம் பாருங்க. ஃபுளோரைடு லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள்ள இருக்கணும் (வேற தண்ணியே கிடைக்கலைன்னா 1.5 வரை). நைட்ரேட் 45-ஐத் தாண்டக் கூடாது. ஈ.கோலி 100 மில்லியில ஒண்ணுகூட இருக்கக் கூடாது. மழைக்குப் பிறகு ஒரு தடவை, கோடையில ஒரு தடவை பாத்தா நல்லது.

புழு போச்சுன்னு போர் போட்டோம், பாறை வந்துச்சு. அந்தந்தக் காலத்து எதிரியை அந்தந்தக் காலத்துச் சோதனைதான் காட்டிக்கொடுக்கும். அப்பத்தா நாக்கு அது காலத்துக்குப் போதுமா இருந்துச்சு. நம்ம காலத்துக்கு அந்த ஒரு தாள் ரிப்போர்ட் வேணும்.

டிஸ்கி: "நாங்க கொதிக்க வச்சுத்தான் குடிக்கிறோம்"னு சொல்லப்போறவங்களுக்கு: கிருமி சாகும். ஃபுளோரைடும் நைட்ரேட்டும் சாகாது. தண்ணி சுண்டச் சுண்ட அதோட அளவு ஏறத்தான் செய்யும்.