கேபிள்காரர் கொண்டுவந்த கம்பியும் நாம் வைக்க வேண்டிய கதவும்

1990-களில் செங்கல்பட்டுப் பக்கத்து வீடுகளுக்குள் மூன்று கம்பிகள் வந்தன. மின்வாரியத்துக் கம்பி, டெலிபோன் கம்பி, கேபிள் டிவி கம்பி. முதல் இரண்டும் அரசாங்கத்துடையவை. மூன்றாவது, தெருமுனை மாடியில் டிஷ் வைத்திருந்த கேபிள்காரருடையது. பிற்பாடு பல வீடுகளுக்கு இன்டர்நெட்டைக் கொண்டுவந்தது இந்த மூன்றாவது கம்பிக்காரர்தான். அப்போதே, வீட்டுக்கும் வெளியுலகத்துக்கும் நடுவே யார் காவல் நிற்பது என்ற கேள்வியும் வந்துவிட்டது. நாம் யாரும் அதை அன்றைக்குக் கேட்கவில்லை. அந்தக் கேள்வியின் கதையைத்தான் இன்று எழுதுகிறேன்.

டெலிபோனில் வந்த இன்டர்நெட்

வி.எஸ்.என்.எல். நிறுவனம் 1995 ஆகஸ்ட் 15 அன்று பொதுமக்களுக்கு இன்டர்நெட் சேவையைத் தொடங்கியது. சென்னை முதல் ஊர்களில் ஒன்று. நமக்கு அப்போது எஸ்.டி.டி. கோடு 04114, சென்னையே வெளியூர்க் கணக்கு! மோடம் கரகரவென்று கத்தி, இணைப்பு கிடைத்து, ஒரு மெயில் அனுப்புவதற்குள் பில் பயம் வந்துவிடும். 1998-இல் தனியாருக்கு அனுமதி கிடைத்தது. சென்னையைச் சேர்ந்த சத்யம் இன்ஃபோவே, அதாவது சிஃபி, முதல் தனியார் நிறுவனமாக வந்தது. மாமல்லபுரம் ஒத்தவாடைத் தெருவில் வெள்ளைக்காரப் பயணிகளுக்காக பிரவுசிங் சென்டர்கள் முளைத்தன.

டயல்-அப்பில் ஒரு பாதுகாப்பு தானாகவே இருந்தது. அரைமணி நேரம் பேசிவிட்டு லைனை வைத்துவிடுவோம். கதவு திறந்திருந்த நேரமே கொஞ்சம்தான்.

டிவி கம்பி இருவழிப் பாதையான விதம்

டிவி கேபிள் முதலில் ஒருவழிப் பாதை. கேபிள்காரரிடமிருந்து வீட்டுக்குப் படம் வரும். வீட்டிலிருந்து எதுவும் திரும்பிப் போகாது. அதை இருவழியாக்க, நடுவில் இருக்கும் ஆம்ப்ளிஃபையர்கள் அத்தனையையும் மாற்ற வேண்டும். கம்பியில் கீழ்ப்பகுதி அலைவரிசையைத் திரும்பும் தடமாக ஒதுக்கி, மேலே ஏதோ ஒரு டிவி சேனலின் இடத்தில் இறங்கும் தடத்தை வைப்பார்கள். இதற்கான பொது விதிமுறை 1997-இல் அமெரிக்காவில் வெளியானது. அதன் பெயர் டாக்சிஸ். அதற்குப் பிறகுதான் ஒரு கம்பெனி செய்த கேபிள் மோடம் இன்னொரு கம்பெனியின் கருவியோடு ஒத்துப்போனது. நம் நாட்டில் ஹாத்வே போன்றவர்கள் பெருநகரங்களில் இந்த வழியில் சேவை கொடுத்தார்கள்.

பல ஊர்களில் கேபிள்காரர்கள் வேறு சுலபமான வேலையைச் செய்தார்கள். மாடிக்கு மாடி நீல நிற லேன் கம்பியை இழுத்து, நடுவில் ஒரு டப்பாவில் ஸ்விட்ச் வைத்து, தெருவையே ஓர் ஆபீஸ் போல இணைத்துவிட்டார்கள். சிஃபி இப்படி உள்ளூர் கேபிள்காரர்கள் மூலமாகவே வீடுகளுக்குப் போனது. மோடமே கிடையாது. மக்கள் இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்தார்கள்: 'கேபிள் நெட்'.

இந்தத் தெரு லேனில் ஒரு வேடிக்கை உண்டு. கம்ப்யூட்டரில் 'நெட்வொர்க் நெய்பர்ஹுட்' என்று ஒரு படம் இருக்கும். அதைத் திறந்தால் நிஜமாகவே நெய்பர்ஹுட்தான்! அக்கம்பக்கத்துக் கம்ப்யூட்டர்களின் பெயர்கள் வரிசையாகத் தெரியும். ஷேர் செய்து வைத்த ஃபோல்டர் என்றால் உள்ளேயும் போகலாம். யார் வீட்டுப் பெண்ணுக்கு ஜாதகம் பார்க்கிறார்கள் என்பது வரை தெருவுக்கே தெரியும் நிலை.

2003 ஆகஸ்ட்

கேபிள் மோடத்திலும் ஆபத்து குறைவில்லை. அந்தக் காலத்து மோடம் வெறும் பாலம். இந்தப் பக்கம் வந்ததை அப்படியே அந்தப் பக்கம் தள்ளும். கம்ப்யூட்டருக்கு நேரடியாக இன்டர்நெட் விலாசம் கிடைக்கும். உலகத்தில் எவர் வேண்டுமானாலும் அந்த விலாசத்தைத் தட்டிப் பார்க்கலாம். இணைப்போ இருபத்துநாலு மணி நேரமும் உயிரோடு இருக்கும்.

2003 ஆகஸ்டில் 'பிளாஸ்டர்' என்ற புழு கிளம்பியது. நாம் எதையும் கிளிக் செய்யத் தேவையில்லை. விண்டோஸ் எக்ஸ்பி கம்ப்யூட்டர் இணைப்பில் இருந்தாலே போதும், தானே உள்ளே வரும். திரையில் ஒரு நிமிடக் கெடு காட்டும் பெட்டி தோன்றும், கம்ப்யூட்டர் அணைந்து மறுபடி கிளம்பும். அடுத்த ஆண்டு மே மாதம் 'சாசர்' புழு அதே வேலையைச் செய்தது. மைக்ரோசாஃப்ட் 2004 ஆகஸ்டில் வெளியிட்ட சர்வீஸ் பேக் 2-இல்தான் ஃபயர்வாலைத் தானாகவே இயங்கும்படி வைத்தது.

நெருப்புச்சுவர்

ஃபயர்வால் என்பது கட்டடக்காரர்களின் சொல். ஒரு வீட்டில் பிடித்த தீ அடுத்த வீட்டுக்குத் தாவாமல் நடுவில் எழுப்பும் சுவர். நம் கடற்கரைக் குப்பங்களில் கூரைக்குக் கூரை தீ ஓடியதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டாம். 1988 நவம்பர் 2 அன்று 'மாரிஸ் புழு' அன்றைய சின்ன இன்டர்நெட்டில் சுமார் 6,000 கம்ப்யூட்டர்களை முடக்கியதாகக் கணக்கிட்டார்கள். அதன் பிறகுதான் கம்ப்யூட்டர் உலகம் இந்தச் சுவரைப் பற்றித் தீவிரமாக யோசித்தது.

வீடுகளுக்கு உதவியது 1994-இல் வந்த இன்னொரு யோசனை. வெளியே ஒரே விலாசம், உள்ளே பல கம்ப்யூட்டர்களுக்குத் தனித் தனி உள் விலாசங்கள். இதை நாட் என்பார்கள். விலாசப் பஞ்சத்துக்காகக் கண்டுபிடித்தது; ஆனால் நாம் கேட்காத எதுவும் வெளியிலிருந்து சுலபமாக உள்ளே வர முடியாமல் போனது கூடுதல் லாபம். 2003-இல் ஸ்விட்சர்லாந்துக்காரர் மானுவேல் காஸ்பர், 'மோனோவால்' என்ற இலவச ஃபயர்வால் மென்பொருளை வெளியிட்டார். அதிலிருந்து பிறந்ததுதான் 'பிஎஃப்சென்ஸ்'. பழைய கம்ப்யூட்டர் ஒன்றில் இரண்டு நெட்வொர்க் கார்டு போட்டால் போதும், வீட்டுக்குத் தனிக் காவல்காரர் தயார்.

நம் ஊர்க் கோட்டையை நினைத்துக்கொள்ளுங்கள். செங்கல்பட்டுக் கோட்டைக்கு ஏரியும் சதுப்பும் காவல். 1752-இல் கிளைவ் வந்து பிடிக்கும் வரை அதைப் பலமான கோட்டை என்றே சொன்னார்கள். சதுரங்கப்பட்டினத்தில் டச்சுக்காரர்கள் கிடங்குகளைச் சுற்றி மதில் எழுப்பி, சரக்கு வாசல் வழியாக மட்டும் வரும்படி வைத்தார்கள். மதிலின் பலம் முக்கியம். அதைவிட முக்கியம், வாசலின் சாவி யார் கையில் என்பது.

இரண்டையும் இணைப்பது எப்படி

பேரன் பேத்திகளிடம் சொல்லிச் செய்துகொள்ளலாம். மோடம் டப்பாவில் வைஃபையும் ரவுட்டரும் சேர்ந்தே இருந்தால், கம்பெனிக்கு போன் செய்து அதை 'பிரிட்ஜ் மோட்' ஆக்கச் சொல்ல வேண்டும். அப்போது மோடம் பழையபடி வெறும் பாலமாகிவிடும். மோடத்திலிருந்து ஒரே ஒரு கம்பி ஃபயர்வாலின் வெளிப்பக்கத் துளைக்கு. உட்பக்கத் துளையிலிருந்து வீட்டு ஸ்விட்சுக்கோ வைஃபை கருவிக்கோ.

பலரும் திணறும் இடம் இனிமேல்தான். கேபிள் மோடம் முதலில் பார்த்த கருவியின் எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளும். வேறு கருவியை மாட்டினால் ஏறெடுத்தும் பார்க்காது. மோடத்தை அணைத்து, ஃபயர்வாலை மாட்டி, மோடத்தை முதலில் போட்டு, விளக்குகள் நிலையாக எரிந்த பிறகே ஃபயர்வாலைப் போட வேண்டும். கம்பெனியே எண்ணைப் பதிவு செய்து வைத்திருந்தால், புது எண்ணைச் சொல்லி மாற்றச் சொல்லுங்கள். பிரிட்ஜ் செய்ய மறுத்தால், உள் விலாசங்களை வேறாக வையுங்கள். இரண்டு டப்பாவும் 192.168.1 என்றே ஆரம்பித்தால் குழப்பம்தான்; ஒன்றை 192.168.5 ஆக்கினால் தீர்ந்தது. இரண்டு டப்பாவின் பாஸ்வேர்டையும் அன்றைக்கே மாற்றிவிடுங்கள்.

எதற்கு இந்தப் பாடு?

இப்போது ஃபைபர் வந்துவிட்டது. மோடம், ரவுட்டர், வைஃபை எல்லாம் ஒரே டப்பாவில், கம்பெனியே இலவசமாகத் தருகிறது. அதிலேயே ஃபயர்வாலும் இருக்கிறது. பலருக்கு அது போதும் என்பதும் உண்மை. ஆனால் அந்த டப்பாவின் சாவி கம்பெனியிடம். அதே சாவி ஆயிரக்கணக்கான வீடுகளுக்கும் பொருந்தலாம். 2016-இல் 'மிராய்' என்ற புழு, கம்பெனி வைத்த பாஸ்வேர்டை மாற்றாத கேமராக்களையும் ரவுட்டர்களையும் படையாகத் திரட்டி, அக்டோபர் 21 அன்று அமெரிக்காவில் பெரிய வலைத்தளங்களையே முடக்கியது. 2017 ஜூலையில் நம் நாட்டிலேயே நடந்தது. பாஸ்வேர்டு மாற்றாத பி.எஸ்.என்.எல். மோடங்கள் சுமார் 60,000 வரை செயலிழந்தன. பயனர்கள் பாஸ்வேர்டை மாற்றச் சொல்லி அந்த நிறுவனமே கேட்டுக்கொண்டது.

மாமல்லபுரத்துச் சிறிய லாட்ஜ்களை எடுத்துக்கொள்ளுங்கள். வெளிநாட்டவர் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் அதற்கான படிவத்தை ஆன்லைனில் அனுப்ப வேண்டும். அதற்காக வரவேற்பறைக் கம்ப்யூட்டரில் பாஸ்போர்ட் நகல்கள் சேர்ந்துகொண்டே இருக்கும். விருந்தாளிகளுக்குக் கொடுக்கும் வைஃபையும் அதே கம்பியில் என்றால், எந்த அறையிலிருந்தும் அந்தக் கம்ப்யூட்டரைத் தட்டலாம். தனி ஃபயர்வால் இருந்தால் விருந்தாளிக்கு ஒரு வழி, கல்லாவுக்கு ஒரு வழி என்று பிரித்துவிடலாம். வீட்டிலும் அப்படித்தான். வாசலில் மாட்டிய மலிவு விலைக் கேமராவும், பென்ஷன் கணக்கைப் பார்க்கும் லேப்டாப்பும் ஒரே அறையில் குடியிருக்க வேண்டாம்.

ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். "பேங்க்கில் இருந்து பேசுகிறேன், ஓ.டி.பி. சொல்லுங்கள்" என்று வரும் போனை எந்த நெருப்புச்சுவரும் தடுக்காது. அதற்கு நாம் வாயை மூடிக்கொள்வதுதான் ஃபயர்வால். பணம் போய்விட்டது என்று தெரிந்தால் வெட்கப்படாமல் உடனே 1930-க்குப் போன் செய்யுங்கள். அந்த எண்ணை இன்றைக்கே காலண்டரில் பெரிதாக எழுதி வையுங்கள்.