செல்லின் அளவு: புறப்பரப்பும் கனஅளவும்

ஒரு செல்லின் விட்டம் இரு மடங்கானால் அதன் புறப்பரப்பு 4 மடங்காகிறது. கனஅளவோ 8 மடங்காகிறது. உணவும் ஆக்சிஜனும் நுழைவது சவ்வின் வழியே. அவற்றைச் செலவிடுவது உள்ளிருக்கும் சைட்டோபிளாசம். எனவே செல் பெரிதாகப் பெரிதாகத் தேவை வரவை மிஞ்சுகிறது. பொருள்கள் தாமே பரவும் விரவலும் தொலைவுக்குக் கைகொடுக்காது: தொலைவு 10 மடங்கானால் கடக்கும் நேரம் ஏறத்தாழ 100 மடங்கு. பெரும்பாலான செல்கள் கண்ணுக்குத் தெரியாத அளவிலேயே நின்றுவிடுவதற்கு இதுவே முதன்மையான காரணம்.

நமீபியக் கடலடிச் சேற்றில் 1997இல் கண்டறியப்பட்ட தயோமார்கரீட்டா நமீபியென்சிஸ் என்ற பாக்டீரியா 0.75 மி.மீ. வரை வளர்கிறதே, விதி பொய்த்துவிட்டதா என்று கேட்கலாம். இல்லை. அதன் உள்ளிடத்தில் பெரும்பகுதி நைட்ரேட்டைச் சேமிக்கும் வாக்குவோல். உயிர்ப்புள்ள சைட்டோபிளாசம் சவ்வை ஒட்டிய மெல்லிய படலம் மட்டுமே. வியக்கத்தக்க இந்த விதிவிலக்கு, உண்மையில் விதிக்கே சான்று. யானையின் பேருடலும் முரணன்று: அதன் செல்கள் பெரிதாகவில்லை, எண்ணிக்கையில் மிகுந்துள்ளன, நுரையீரல் நுண்ணறைகளும் குடலுறிஞ்சிகளும் தேவையான பரப்பை மடித்து வைத்திருக்க, தந்துகிகள் ஏறத்தாழ ஒவ்வொரு செல்லின் அருகிலும் ஆக்சிஜனைக் கொண்டுசேர்க்கின்றன.