நீல உதடும் நீல மருந்தும்

பலமனேர் மேட்டுநிலத்திலிருந்து மொகிலிக் கணவாய் வழியே சித்தூருக்கு இறங்கித் தெற்கே சென்றால் வேலூர். 1911 வரை இவ்விரண்டு ஊர்களும் வட ஆர்க்காடு மாவட்டத்திலேயே இருந்தன. 1953-இல் ஆந்திரம் தனி மாநிலமானபோது பலமனேர் அப்பக்கம் சென்றது. ஆயினும் கொடிய பிணியுற்றோர் வேலூரை நாடி வருவது நின்றபாடில்லை. நோயாளிக்கு எல்லைக்கோடு ஏது? அயல் மாநிலங்களில் வாழும் நம் அன்பர்களுள்ளும் அவ்வூருக்கு வண்டியேறியவர் உண்டன்றோ?

அவ்வட்டாரத்தோடு தொடர்புடைய மருந்தொன்றின் வரலாற்றை இங்கே கூற விழைகிறோம். டாப்சோன் என்பது அதன் பெயர். 1908-இல் ஜெர்மனியின் பிரைபர்க் நகரில் பிராம், விட்மன் எனும் இரசாயன அறிஞர் இருவர் அதனை ஆக்கினர். அதன் பயனை அன்று எவரும் அறியார். ஏறத்தாழ முப்பதாண்டுகள் கழித்து நுண்ணுயிர்களைக் கொல்லுமா என ஆராய்ந்தவர்கள், அளவு மிகுந்தால் நஞ்சாவது கண்டு அதனை ஒதுக்கினர். வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் முதல்வராக விளங்கிய டாக்டர் ராபர்ட் காக்ரேன், 1946-இல் செங்கற்பட்டில் அதனை எண்ணெயில் கலந்து ஊசி வழியே தொழுநோயாளர்க்குச் செலுத்தினார். பின்னர்ச் சிற்றளவு மாத்திரையாக அது உலகெங்கும் பரவிற்று.

அதே மாத்திரை இன்று புற்றுநோயாளரிடமும் வந்து சேர்ந்திருக்கிறது. எதிர்ப்பாற்றல் குன்றிய அவர்களை நியூமோசிஸ்டிஸ் எனும் நுரையீரல் நோய் தாக்காமலிருக்க, வழக்கமான கோட்ரைமாக்சசோல் ஒவ்வாதபோது டாப்சோன் தருகின்றனர். இடர் இங்கேதான் தொடங்குகிறது. பிராணவாயுவைச் சுமப்பது ஈமோகுளோபினிலுள்ள இரும்பு. டாப்சோன் அவ்விரும்பின் நிலையை மாற்றிவிட, மெத்தெமோகுளோபின் எனும் சுமக்க இயலாத பொருள் உண்டாகிறது. எஞ்சிய நல்ல ஈமோகுளோபினும் தன் சுமையை இறுகப் பற்றிக்கொண்டு, உறுப்புகளுக்கு எளிதில் ஈவதில்லை. உதடு நீலம் பூக்கும், குருதி பழுப்பேறும், மூச்சுக்குழல் வழியே பிராணவாயு எவ்வளவு கொடுத்தாலும் விரலில் மாட்டும் கருவி 85 என்ற அளவிலேயே தயங்கி நிற்கும். முன்னரே சோகையுற்ற புற்றுநோயாளர் இதனைத் தாங்குவது அரிது.

மாற்றாக அமைந்தது மெதிலீன் நீலம். 1876-இல் துணிக்குச் சாயமேற்றப் பிறந்த பொருள் அது! நீலமான உடலை நீலச் சாயம் தெளிவிப்பது இயற்கையின் வேடிக்கைதான். எடையில் ஒரு கிலோவுக்கு 1 முதல் 2 மில்லிகிராம் வரை நரம்பில் ஏற்றினால், ஒரு மணி நேரத்துள் பெரும்பாலும் நிறம் திரும்பும்.

ஆனால் அச்சாயம் வேலை செய்யச் செங்குருதியணுவில் ஜி-6-பி-டி என்னும் நொதியம் வேண்டும். பிரிமாகுயின் எனும் மலேரியா மருந்துண்ட சிலருக்கு அணுக்கள் சிதைவதேன் என ஆராய்ந்த அமெரிக்கர், 1956-இல் அக்குறைபாட்டைக் கண்டனர். பரம்பரையாக வரும் இக்குறை ஆண்களிடமே மிகுதி. நம் நாட்டிலும் உண்டு. அன்னார்க்கு மெதிலீன் நீலம் பயன்தராததோடு அணுக்களையும் சிதைக்கும். வைட்டமின் சி, குருதி மாற்றம் ஆகியவையே அவர்க்கு வழி. புற்றணுக்கள் ஒருங்கே சிதையும்போது பெருகும் யூரிக் அமிலத்தைக் கரைக்கும் ராஸ்புரிகேசும் இத்தகையோர்க்கு ஆகாது. ஆதலின் அதற்கு முன் குருதியைச் சோதிக்கின்றனர்.

அச்சோதனைக்கும் காலமறிய வேண்டும். அணுச்சிதைவு நேர்ந்தவுடன் பார்த்தால், முதிய அணுக்கள் அழிந்து, நொதியம் மிகுந்த இளைய அணுக்களே எஞ்சியிருப்பதால் குறை தெரியாது போகலாம். பிறர் குருதி ஏற்றிய பின் பார்த்தாலோ, கொடையாளரின் அணுக்களே விடை கூறும்.